ஒரு அலாரம்கூட அடிக்காத வீடு

ஷாரோன் செய்த டயாலிசிஸ் மெஷின் பன்னிரண்டு வீடுகளில் ஓடிக்கொண்டிருந்தது. பதினோரு வீட்டுக்காரர்கள் வாரத்துக்கு ஒரு முறையாவது அவளைப் போனில் கூப்பிட்டுவிடுவார்கள். அலாரம் அடிக்கிறது, திரையில் சிவப்பாக ஏதோ வருகிறது, பம்ப் முனகுகிறது என்று ஏதாவது ஒன்று இருக்கும். பன்னிரண்டாவது வீட்டிலிருந்து மட்டும் ஐந்து மாதமாக ஒரு போன்கூட வரவில்லை.

அது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு குறுக்குத் தெருவில் இருந்த கந்தனின் வீடு. கந்தன் பட்டு நெசவாளி. இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயிருந்தது அவர் மனைவி அம்சவேணிக்கு. திங்கள், புதன், வெள்ளி காலை பத்து மணிக்கு மகள் அகிலா அம்மாவின் இடது கையில் ஊசி ஏற்றி மெஷினை ஓடவிடுவாள். இரண்டு மணிக்கு நிறுத்துவாள். அகிலா பி.காம். முடித்துவிட்டு வீட்டிலிருந்தபடியே ஒரு ஜவுளிக் கடைக்கு ஆன்லைன் ஆர்டர் பார்த்துக்கொண்டிருந்தவள். இரண்டு மாதம் ஷாரோனிடம் மெஷின் பயிற்சிக்கு வந்தபோது ஒரு நாள் தவறவிட்டதில்லை, ஒரு கேள்வி விட்டுவைத்ததில்லை. அதனால் அந்த வீட்டில் எல்லாம் சரியாக நடப்பதில் ஷாரோனுக்கு ஆச்சரியம் எதுவும் தோன்றவில்லை. பெருமைதான் தோன்றியது.

பெருமைப்பட அவளுக்குக் காரணமும் இருந்தது. பயோமெடிக்கல் இன்ஜினியரிங் முடித்து, எட்டு வருஷம் பெங்களூரில் வெளிநாட்டு டயாலிசிஸ் மெஷின்களைப் பழுது பார்த்தவள் அவள். ஒவ்வொன்றையும் பிரித்துப் பிரித்துப் பார்த்ததில், விலையில் பாதியை எந்தப் பாகம் தின்கிறது என்பது அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. நோயாளியின் உடம்பிலிருந்து எவ்வளவு நீர் இறங்குகிறது என்று துல்லியமாக அளக்கிற பாகம் அது. அந்த இடத்தில் ஷாரோன் ஒரு தராசை வைத்தாள். வீட்டுத் தண்ணீரை ஒரு பெட்டி சுத்தம் செய்து மருந்துத் திரவத்தோடு கலக்கும். உள்ளே போகும் அந்தத் திரவப் பையும் வெளியே வரும் கழிவுப் பையும் இரண்டு கொக்கிகளில் தொங்கும். எடை வித்தியாசத்தை மெஷின் நொடிக்கு நொடி பார்த்துக்கொண்டே இருக்கும். கணக்கு கொஞ்சம் பிசகினாலும் பம்ப்பை நிறுத்தி அலாரம் அடிக்கும். அந்தத் தராசினால்தான் அவள் மெஷின் சாதாரண வீடுகளுக்குள் நுழைய முடிந்தது. முசரவாக்கம் போகிற வழியில், விசேஷங்கள் குறைந்து மூடிப்போன ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம்தான் அவளுடைய கம்பெனி. பந்தி பரிமாறிய நீள மேஜைகளில் இப்போது ஏழு பேர் உட்கார்ந்து மெஷின் பூட்டினார்கள்.

அம்சவேணியை அவளுக்கு அறிமுகம் செய்தது அப்பா தாவீதுதான். முசரவாக்கத்தில் பிறந்து, பையனாக இருந்தபோது கூலிக்கு நாற்று நட்டு, பிறகு டிரைவிங் கற்றுக்கொண்டு, கடைசியில் சொந்தமாக ஒரு ஆம்னி வண்டி வாங்கியவர் தாவீது. பதினைந்து வருஷமாக டயாலிசிஸ் நோயாளிகளைச் சென்னைக்கு ஏற்றிப் போய் ஏற்றி வந்தார். விடியுமுன் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். வாந்திக்குப் பிளாஸ்டிக் கவர், ஈரத்துணி, இஞ்சி மிட்டாய் எல்லாம் வண்டியில் இருக்கும். அம்சவேணி இரண்டு வருஷம் அந்த வண்டியில் போய் வந்தவள். "அந்தம்மா திரும்பி வர்றப்போ கண்ணாடில தலைய சாச்சிக்கினு ஒரு வார்த்த பேசாம வரும். பேசறதுக்கு உசுரு இருக்காது," என்று தாவீது வீட்டில் சொல்வார். அம்சவேணிக்கு முன்பும் அப்படி எத்தனையோ பேர் அந்தக் கண்ணாடியில் சாய்ந்து வந்த கதையை ஷாரோன் கேட்டிருக்கிறாள். மெஷின் தயாரானபோது தாவீது கேட்டது ஒன்றுதான்: "அம்சாம்மாவுக்கு ஒண்ணு குடு பாப்பா."

வைகாசி கருட சேவைக் கூட்டம் வடிந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ராமராஜன் என்கிற அதிகாரி கந்தன் வீட்டுக்கு வந்தார். கிராமத்து நோயாளிகளுக்கு உதவும் ஒரு அறக்கட்டளையில் அவர்தான் கருவிகள் வாங்குவதை முடிவு செய்பவர். மாவட்டத்துக்கு நாற்பது மெஷின் வாங்க யோசித்துக்கொண்டிருந்தார்கள். உண்மையான ஒரு வீட்டில் மெஷின் ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்றார். ஷாரோன் யோசிக்கவே இல்லை. நேராக அம்சவேணி வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள்.

அம்சவேணி கட்டிலில் சாய்ந்தபடி அவரிடம் அரை மணி நேரம் பேசினாள். முன்பெல்லாம் ஒரு வாய் சோறு உள்ளே போகாது, இப்போது ராத்திரி ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறேன் என்றாள். கந்தன் சட்டை போட்டுக்கொண்டு, கை கட்டி ஓரமாக நின்றார். "எங்களுக்கு அந்தப் பொண்ணு தெய்வம் சார்," என்று இரண்டு முறை சொன்னார். ராமராஜன் மெஷினின் பதிவுகளைத் தன் டேப்லெட்டில் பார்த்தார். முதல் இரண்டு வாரத்தில் மட்டும் அலாரம் நிறைய இருந்தது; கை பழகும்வரை அப்படித்தான் என்றாள் ஷாரோன். அதற்குப் பிறகு அறுபது தடவைக்கும் மேல் டயாலிசிஸ் நடந்திருந்தது. ஒரு அலாரம்கூட இல்லை.

"ஆஸ்பத்திரிலகூட இப்படி ஒரு ரெக்கார்ட் நான் பார்த்ததில்லைமா," என்றார் ராமராஜன். "எனக்கு இந்த ஒரு வீடு போதும்."

அன்று மண்டபத்துக்குத் திரும்பியதும் ஷாரோன் ஏழு பேருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை. கலெக்டர் அலுவலகத்தில் ஒரு கையெழுத்துக்காகப் போயிருந்தாள். வேலை சீக்கிரம் முடிந்தது. புதிதாக வந்த வடிகட்டிகள் பையில் இருந்தன. அகிலாவிடம் கொடுத்துவிட்டுப் போகலாமே என்று தோன்றியது. சொல்லாமல் கொள்ளாமல் ஸ்கூட்டரைப் பிள்ளையார்பாளையம் பக்கம் திருப்பினாள்.

தெருமுனையில் திரும்பியதுமே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டாள்.

தெரு முழுக்கத் தறிச் சத்தம். இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு என்று விட்டு விட்டு இல்லை. எல்லா வீட்டிலிருந்தும் டடக் டடக்கென்று, இழையை இறுக்கத் தறிப் பலகை அடிக்கிற சத்தம். ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, மழை வலுக்கும்போது ஓட்டுக் கூரையில் கேட்குமே, அந்த மாதிரி. காலடியில் தரை லேசாக அதிர்ந்தது. ஸ்கூட்டரின் கண்ணாடியில் அவள் முகம் நடுங்கியது.

ஐந்து மாதமாக இந்தத் தெருவுக்கு வந்துகொண்டிருக்கிறாள். ஒரு நாள்கூட இங்கே தறிச் சத்தம் கேட்டதில்லை. பிள்ளையார்பாளையத்தில், நெசவாளர் தெருவில், காலை பதினொரு மணிக்குத் தறிச் சத்தம் கேட்காதது ஏன் என்று அவள் ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை. அமைதியான தெரு என்று நினைத்துக்கொண்டாள். அவள் வந்ததெல்லாம் திங்கள், புதன், வெள்ளி.

தராசு அவள் ஞாபகத்துக்கு வந்தது. இரண்டு கொக்கிகளில் தொங்கும் இரண்டு பைகள். தரை அதிர்ந்தால் அந்தப் பைகளும் ஆடும்.

கந்தன் வீட்டு வாசல் திறந்திருந்தது. முன்கூடத்தில் குழித்தறியில் கந்தன் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். வெறும் பனியன். பக்கத்தில் அம்சவேணி ஒரு மணையில் உட்கார்ந்து, கரை நிற நூலை ஏற்றிய சின்ன நாடாக் கட்டையை வலது கையால் தள்ளிக்கொண்டிருந்தாள். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் சேரும் கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். ஷாரோனைப் பார்த்ததும் இருவர் கையும் நின்றுவிட்டது.

"வாம்மா கண்ணு," என்றாள் அம்சவேணி. "இன்னிக்கு செவ்வாக்கெழம ஆச்சே?"

"அம்சாம்மா, மெஷின் ஓடறப்ப நீங்க தறிய நிறுத்திடறீங்களா?"

உள்ளேயிருந்து வந்த அகிலாதான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "முதல் வாரமே கண்டுபிடிச்சிட்டேங்க்கா. அப்பா பலகை அடிக்க அடிக்க அலாரம் வந்துக்கினே இருந்துது. நாலு மணி நேரம் ஆறு மணி நேரமா இழுத்துச்சு. பம்ப் நின்னு நின்னு போனா ரத்தம் உறைஞ்சிடும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? அப்பா தறிய நிறுத்தினாரு. அப்பவும் ரெண்டு தரம் அடிச்சுது. பக்கத்து வூட்டுத் தறியும் காரணம்னு புரிஞ்சுது. தணிகாசலம் மாமாகிட்ட சொன்னேன். அவரும் நிறுத்தினாரு."

"அப்ப மத்த வீடுங்க?"

"எந்தத் தறியால வருதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றார் கந்தன், தலையைக் குனிந்தபடி. "வம்பு எதுக்குன்னு எல்லாருமே நிறுத்திட்டாங்க. நாங்க கேக்கலை மேடம். அவங்களா செஞ்சாங்க."

தெருவில் மொத்தம் பதினான்கு வீடு. வாரத்தில் மூன்று நாள், பத்திலிருந்து இரண்டு வரை. ஷாரோன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன் எனக்கு ஒரு போன் பண்ணலை?"

அம்சவேணி எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்னான்னு பண்றது? வண்டில போய் வந்துக்கினு இருந்தப்போ வாரத்துல மூணு நாளு முழுசா போவும். இவரும் கூடவே வருவாரு. மூணு நாளும் தறி தொடாம கெடக்கும். திரும்பி வந்தா மறுநாளு நான் எழுந்திருக்க மாட்டேன். இப்ப நாலு மணி நேரம். அதுக்கப்புறம் எழுந்து வந்து நாடா தள்றேன். இதுல போயி ஒரு குறைய சொன்னா வாய் அழுவிப் போயிடாதா? அதுவும் இல்லாம..." என்று நிறுத்தினாள்.

"அதுவும் இல்லாம?"

"சரியில்லன்னு சொன்னா நீ மெஷின எடுத்துக்கினு போயிட்டீன்னா?"

ஷாரோனுக்குக் கண் கலங்கிவிட்டது. கோபமா வெட்கமா என்று அவளுக்கே தெரியவில்லை. தன்னுடைய மெஷின் சரியாக ஓடுகிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஓடியது மெஷின் இல்லை. ஒரு தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை ஓட்டியிருக்கிறது.

"எடுத்துக்கினு போவ மாட்டேன் அம்சாம்மா," என்றாள். "சத்தியமா போவ மாட்டேன்."

வெளியே வந்து அப்பாவைப் போனில் பிடித்தாள். தாவீது இப்போது நோயாளிகளை ஏற்றுவதைக் குறைத்துக்கொண்டு, அதே ஆம்னியில் கம்பெனியின் மருந்துத் திரவப் பைகளை வீடு வீடாகக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருந்தார். இந்தத் தெருவுக்கு வாரத்துக்கு ஒரு முறை வருகிறவர்.

"அப்பா, தெரு பூரா தறிய நிறுத்தறாங்களே, உனக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றார் தாவீது.

"ஏம்பா சொல்லலை?"

"அந்தம்மா சொல்லாதேன்னு கேட்டுக்கிச்சு. ரெண்டு வருஷம் பின்னாடி சீட்ல பொணம் மாதிரி வந்ததை நான்தானே பாத்தேன் பாப்பா. இப்ப நான் பை எறக்கறப்ப, 'அண்ணே, மோர் குடிச்சிட்டுப் போ'ன்னு கொரல் குடுக்குது. அதுக்கு மேல எனக்கு என்னா தெரியும்? மெஷினு நல்லா இருக்குதுன்னுதான் நெனச்சேன்."

அவரிடம் கோபப்பட ஷாரோனால் முடியவில்லை. ஆனால் ஒன்று அவளுக்குத் தெளிவாகப் புரிந்தது. நன்றி இருக்கிற இடத்தில் குறை வெளியே வராது. வராத குறையை அவளாகத்தான் போய்த் தேட வேண்டும்.

மறுநாளிலிருந்து மற்ற பதினோரு வீடுகளுக்கும் போனாள். "அலாரம் வருதா?" என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்கவில்லை. "இந்த மெஷினுக்காக உங்க வீட்ல என்னத்த மாத்திக்கிட்டீங்க?" என்று கேட்டாள். முதலில் எல்லாரும் ஒன்றுமில்லை என்றார்கள். உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்து, மறுபடியும் கேட்ட பிறகு ஒவ்வொன்றாக வந்தது. திருப்புட்குழியில் ஒரு வீட்டில் கிணற்று மோட்டார் போடுவதில்லை. பக்கத்து வீட்டிலிருந்து குடம் குடமாகச் சுமக்கிறார்கள். கூரத்தில் ஒரு பெரியவர் வெயிலில் வேர்த்து ஊற்றினாலும் மின்விசிறி போடவிடுவதில்லை, பை ஆடுகிறதாம். ஷாரோன் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ராமராஜனைக் கூப்பிட்டாள். இரண்டு நாளாகத் தள்ளிப்போட்ட போன் அது. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதேம்மா," என்றார்.

"உங்களுக்குத் தெரியாது சார். ஆனா அடுத்த தெருவுல தெரிஞ்சிடும். காஞ்சிபுரத்துல தறி இல்லாத வீடா பார்த்துத்தான் கிட்னி கெட்டுப்போவுதா?"

ராமராஜன் சிரிக்கவில்லை. "ஆர்டரை நிறுத்தி வைக்கிறேன். கேன்சல் பண்ணலை. சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க," என்று வைத்துவிட்டார்.

கல்யாண மண்டபத்தில் ஏழு பேரும் அன்று மத்தியானச் சாப்பாட்டை மறந்தார்கள். சிக்கல் எளிதானதுதான்: தரை அதிர்ந்தால் பை ஆடுகிறது, பை ஆடினால் எடை மாறியதாகத் தராசு நினைத்துக்கொள்கிறது. இது ஆட்டம், இது உண்மையான எடை மாற்றம் என்று மெஷினுக்குப் பிரித்துச் சொல்ல வேண்டும். பெரிய கம்பெனிகள் போடும் விலையுயர்ந்த பாகத்தைப் போட்டுவிட்டால் ஒரே நாளில் தீர்ந்துவிடும். அதைப் போட்டால் விலை எட்டாமல் போகும், அம்சவேணி மறுபடி ஆம்னியில்தான் போக வேண்டும். ஷாரோன் வேறு வழி பார்த்தாள். கைப்பேசியைச் சாய்த்தால் படம் திரும்புகிறதே, அதற்குள் இருக்கும் சின்ன அதிர்வு சென்சார் ஒன்றை மெஷினின் அடியில் ஒட்டினாள். தரை அதிர்கிறது என்று அது சொன்னால், தராசு அவசரப்படாமல் நீண்ட நேரத்துச் சராசரியைப் பார்க்கும். கொக்கிகளுக்கு ரப்பர் வளையம். கேட்க எளிதாக இருந்தது. சரியாக வர ஐந்து வாரம் ஆனது.

மண்டபத்தில் தறி இல்லாததால் சோதனை எல்லாம் கந்தன் வீட்டில்தான் நடந்தது. செவ்வாயும் வியாழனும் சனியும் இன்னொரு மெஷினைக் கொண்டுவந்து அம்சவேணியின் கட்டிலருகே வைப்பாள். நோயாளிக்குப் பதில் ஒரு பக்கெட் உப்புத் தண்ணீர். கந்தன் தறியில் உட்கார்ந்து நெய்வார். தெருப் பெண்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"பக்கெட்டுக்கு என்னாம்மா வியாதி?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுத் தணிகாசலத்தின் மனைவி புவனேஸ்வரி.

"அதுக்கும் கிட்னி போச்சாம்," என்றாள் அம்சவேணி. எல்லாரும் சிரித்தார்கள். ஷாரோனும் சிரித்தாள்.

முதல் வாரம் அலாரம் அலறித் தீர்த்தது. இரண்டாம் வாரம் அடிக்கவே இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. வேண்டுமென்றே பக்கெட்டிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரை அதிகமாக இறக்கிப் பார்த்தாள். அப்போதும் அடிக்கவில்லை. மெஷின் ஆட்டத்தோடு சேர்த்து ஆபத்தையும் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டது. அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். புரோகிராமை மறுபடி எழுதினார்கள், மறுபடி வந்தார்கள். கந்தன் வேகமாக அடிப்பார், மெதுவாக அடிப்பார், நடுவில் வெற்றிலை போட நிறுத்துவார், நூல் அறுந்தால் முடிச்சுப் போடுவார். ஒரு தடவைகூட அலுத்துக்கொள்ளவில்லை. "இதுவும் நெசவுதானே மேடம்," என்றார். "ஒரு இழை தப்பினா பிரிச்சிட்டு மறுபடி நெய்ய வேண்டியதுதான்."

ஐந்தாவது வாரம், தெருவில் அத்தனை தறியும் ஓடும்போது மெஷின் அமைதியாக இருந்தது. அரை டம்ளர் தண்ணீர் அதிகமாக இறங்கியதும் அலறியது. மருத்துவர் வந்து பார்த்து, பதிவுகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஷாரோன் அம்சவேணியின் மெஷினைத் தொட்டாள்.

ஒரு புதன்கிழமை ராமராஜன் மறுபடி வந்தார். இந்த முறை தெருமுனையிலேயே காரை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நடந்து வந்தார். பதினான்கு வீட்டிலும் தறி ஓடியது. அவரைப் பார்த்ததும் சிலர் வழக்கத்தைவிட ஓங்கியே அடித்தார்கள்.

அகிலா ஊசி ஏற்றினாள். பம்ப் சுழன்றது. சிவந்த குழாய்கள் ஓடின. முன்கூடத்தில் கந்தன் நெய்ய, அம்சவேணியின் இடத்தில் புவனேஸ்வரி உட்கார்ந்து நாடா தள்ளினாள். ராமராஜன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு மணி நேரம் போனது. ஒன்றரை மணி.

அம்சவேணி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தார்கள். திடீரென்று கண்ணைத் திறக்காமலே, "பலகைய லேசா அடிக்கறே பாரு," என்று குரல் கொடுத்தாள். "கரைப் பக்கம் தளரப் போவுது. ஆபீசர பாத்துக்கினே நெய்யாத."

கந்தன் அசடு வழிந்தார். புவனேஸ்வரி விழுந்து விழுந்து சிரித்தாள். அம்சவேணிக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த நொடியில் அலாரம் அலறியது.

பம்ப் நின்றது. கந்தன் கை நின்றது. பக்கத்து வீட்டில் நின்றது, எதிர் வீட்டில் நின்றது. அரை நிமிஷத்தில் தெரு முழுக்க நிசப்தம். ராமராஜன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

அகிலா மட்டும் பதறவில்லை. திரையைப் பார்த்தாள். அம்மாவின் கையைப் பார்த்தாள். "அம்மா, சிரிக்கறப்ப கைய மடக்கிட்டியா? குழாய் மடிஞ்சிருக்குது பாரு." குழாயை நேராக்கி, பொத்தானை அழுத்தினாள். பம்ப் மறுபடி சுழன்றது. "இது தறியால வந்தது இல்ல சார். இது அடிக்க வேண்டிய அலாரம்." பிறகு வாசல் பக்கம் தலையை நீட்டி, "ஒண்ணுமில்ல மாமா, நெய்யுங்க!" என்று கத்தினாள்.

ஒவ்வொரு வீடாகச் சத்தம் திரும்பி வந்தது.

ராமராஜன் இரண்டு மணி வரை இருந்தார். அகிலா ஊசியை எடுத்துப் பஞ்சை அழுத்திப் பிடித்த பிறகுதான் எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நாற்பது இப்ப தர முடியாதும்மா," என்றார் ஷாரோனிடம். "பத்து தரேன். பத்தும் நெசவாளர் வீட்டுக்குப் போகட்டும். ஒரு வருஷம் பார்ப்போம். அந்தப் பொண்ணு அகிலா வேலைக்கு வருவாளான்னு கேளுங்க. பத்து வீட்டுக்கும் சொல்லிக்குடுக்க ஆள் வேணும்ல?"

பத்து என்பது ஷாரோனுக்குக் குறைவாகத் தோன்றவில்லை. காரின் தூசி அடங்கும்வரை நின்றுவிட்டு, அகிலாவிடம் விஷயத்தைச் சொன்னாள். அகிலா அம்மாவைப் பார்த்தாள். அம்சவேணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போவாம? கையக் கட்டிக்கினா இருக்கப் போற?" என்றாள்.

பிறகு ஷாரோன் தெருவில் இறங்கினாள். ஐந்து மாதத்துக்கும் மேலாகத் தனக்குத் தெரியாமல் தன் மெஷினைத் தாங்கிய பதினான்கு வீட்டுக்கும் போய் நன்றி சொல்லியே தீர வேண்டும் என்று மனசு கிடந்து அடித்தது. முதலில் போனது தணிகாசலம் வீடு. கந்தன் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே சுவர். அவர் தறிக் குழிக்குள் காலைத் தொங்கவிட்டபடி காப்பி குடித்துக்கொண்டிருந்தார். ஷாரோன் வாசலில் நின்று, வழியில் கோத்து வைத்திருந்த வார்த்தைகளைத் தேடினாள். கைகளைக் கூப்பினாள்.

"அட, இன்னாம்மா இது!" என்று தணிகாசலம் டம்ளரைக் கீழே வைத்தார். "உள்ள வா. உக்காரு. நாங்க என்னா பண்ணிட்டோம்? நாலு மணி நேரம் சும்மா இருந்தோம். சும்மா இருக்கறது ஒரு வேலையா?"

"இந்தத் தெருவுல அதுதான் பெரிய வேலை ஐயா. எனக்கு இதுக்கு என்ன கைம்மாறு செய்யறதுன்னே தெரியலை."

"அம்சா எழுந்து நடக்குது. போன தையில எங்க வூட்டுப் பொண்ணு கல்யாணத்துக்கு அது வந்து ஆரத்தி எடுத்துச்சு. வேற இன்னா வேணும்?"

ஷாரோன் உட்கார்ந்தாள். புவனேஸ்வரி அவளுக்கும் ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் கையில் வாங்கிக்கொண்டு, "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்," என்றாள் ஷாரோன். "இனிமே எதுவா இருந்தாலும் எனக்குச் சொல்லிடணும். மறைக்கக் கூடாது. நல்லா இருக்குதுன்னு நீங்க நூறு தடவ சொல்றதைவிட, நல்லா இல்லன்னு ஒரு தடவ சொன்னா எனக்குப் போதும்."

தணிகாசலம் மனைவியைப் பார்த்தார். புவனேஸ்வரி வேண்டாம் என்பதுபோல் கண்ணைக் காட்டினாள். அவர் கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

"நெசமா சொல்லட்டா? கோச்சிக்க மாட்டியே?"

"சொல்லுங்க ஐயா."

"உன் மெஷினுக்குத் தண்ணி சுத்தம் பண்ணுதே ஒரு பொட்டி, அது கக்கற தண்ணி பூரா எங்க வூட்டு வாசல்ல வந்து தேங்கி நிக்குது. ரெண்டு தரம் நான் வழுக்கி வுழுந்துட்டேன். ஒரு தரம் பாவு நூல தூக்கிக்கினு வந்தப்போ."

"எப்பலேர்ந்து?"

"மெஷினு வந்த நாள்லேர்ந்து."

ஷாரோனுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வாசலுக்கு வந்து பார்த்தாள். ஒரு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் நின்றிருந்தது. ஓரத்தில் பாசிகூடப் பிடித்திருந்தது. தெருமுனையில் அப்பாவின் ஆம்னி நின்றுகொண்டிருந்தது. தாவீது பின்கதவைத் திறந்து பைகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா!" என்று உரக்கக் கூப்பிட்டாள். "வண்டில அளவு டேப் இருந்தா எடுத்துக்கினு வா. இங்கேர்ந்து கால்வாய் எவ்ளோ தூரம்னு பாக்கணும்."

தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டேப்பின் மறுமுனையைப் பிடிக்க அவளோடு இறங்கினார்.